ஸ்கோப் சார்

பிளஸ் டூ ரிசல்ட் வெளியாகும் வாரத்தில் மட்டும் வெளியே தலைகாட்டுகிற ஒரு மனித இனம் உண்டு. மற்ற மாதங்களில் இவர்களை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. கறிவேப்பிலைக்குப் பேரம் பேசுவார்கள், வங்கி வரிசையில் முனகுவார்கள், நம்மைப் போலவே இருப்பார்கள். ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாருங்கள். உங்கள் பிள்ளையின் மார்க்கை நீங்கள் உங்கள் மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்வதற்கு முன்பே வாசலில் ஒருவர் நின்று, “அடுத்து என்ன ப்ளான்?” என்று கேட்பார் இல்லையா? அவரேதான். பிள்ளைக்கு எதில் ஆசை என்று விசாரிப்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். ஏனென்றால் பதில் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. போன வருடமும் இருந்தது. அது வேறு பதில்.

இந்த இனம் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தாலும், நெய்வேலி டவுன்ஷிப்பில் கொஞ்சம் கொழுகொழுவென்று வளரும். ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ், தெருவெல்லாம் மரநிழல், ஷிப்ட் முடிந்து வந்து பேச ஆள் தேடும் மனிதர்கள், எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து குடியேறி எல்லோரும் ஒரே கவலையைப் படுகிற குடும்பங்கள். நமக்கு எப்படியோ பர்மனென்ட் ஆகிவிட்டது, பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தக் கவலையில்தான் இந்த இனம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது.

எங்கள் பிளாக்கில் வசிக்கும் உருப்படிக்கு அறிவுச்செல்வன் என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது. குழந்தை அப்போது பேசத் தொடங்கியிருக்கவில்லை.

அறிவுச்செல்வன் நிலக்கரிச் சுரங்கத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் அதிகாரி. போல்ட்டும் நட்டும் பெல்ட்டும் பேரிங்கும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. அவர் இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்பது பிளாக் முழுக்கத் தெரிந்த கதை. நண்பன் ஒருவன் நேர்முகத் தேர்வுக்கு வரும்போது வழித்துணைக்கு வந்தவர், ‘வந்ததுதான் வந்தோம்’ என்று தானும் எழுதிப் போட்டு உள்ளே போனார். நண்பனுக்குக் கிடைக்கவில்லை, இவருக்குக் கிடைத்தது. இப்படி யாருடைய ஆலோசனையும் இல்லாமல் தடுக்கி விழுந்து வாழ்க்கைக்குள் நுழைந்த மனிதர், அன்று முதல் யாரையும் தடுக்கி விழ விட்டதில்லை. எல்லோரையும் தானே பிடித்துத் தள்ளிவிடுகிறார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஸ்கோப் சார்’. அவர் வாயிலிருந்து அடிக்கடி விழும் சொல் அது. எந்தப் படிப்பைச் சொன்னாலும் கண்ணை லேசாக மூடி, மூக்கால் மூச்சை இழுத்து, சமையலறையில் ரசம் கொதிக்கிறதா என்று மோப்பம் பிடிப்பவர்போல ஒரு கணம் நின்று, பிறகு தீர்ப்பு சொல்வார்: “ஸ்கோப் இல்லை.” அல்லது, “இப்ப இருக்கு, நீ முடிச்சிட்டு வர்றப்ப இருக்காது.” ஒரு காலத்தில் மெக்கானிக்கல் என்றார். பிறகு சிவில் என்றார். சிவில் படித்தவர்கள் வேலை தேடி அலையும்போது, “சிவிலையா போய் எடுத்த?” என்று அவரே அங்கலாய்த்தார். நடுவில் ஒரு வருடம் எல்லோரையும் பி.காம். படிக்கச் சொன்னார். இன்னொரு வருடம் கப்பல்.

கப்பலில் மாட்டிக்கொண்டவன் மெயின் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் கபார் பாயின் மகன் பரீத். அவனுக்குப் பேருந்தில் கடலூர் போய்வந்தாலே தலை சுற்றும். அதைச் சொன்னபோது அறிவுச்செல்வன், “அதெல்லாம் பழகிடும்” என்றார். பரீத் மரைன் எஞ்சினியரிங் படித்தான். பயிற்சிக்காகக் கப்பலில் ஏறிய அன்று வாந்தியெடுக்கத் தொடங்கியவன் கரைக்குத் திரும்பிய பிறகுதான் நிறுத்தினான். இப்போது அப்பாவின் கடையில் சுடிதார் துணி கிழித்துக்கொண்டு ஆனந்தமாக இருக்கிறான். அப்துல் கபார் ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டே விட்டார், “என்ன சார், இப்படி ஆகிப்போச்சே?”

அறிவுச்செல்வன் அசரவில்லை. “பாய், நான் மரைன் படிக்கத்தானே சொன்னேன்? கப்பல்ல ஏறுன்னா சொன்னேன்?”

இப்படிப்பட்டவரிடம் யார் போய் யோசனை கேட்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். கேட்பார்கள். பயந்தவர்கள் யாரிடமும் கேட்பார்கள். சாமிக்கண்ணு பயந்தவர்.

சாமிக்கண்ணு எனக்கு எதிர்க் குவார்ட்டர்ஸ். கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கிற வேலை. பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து, இந்த மாதம் வேலை உண்டா இல்லையா என்று மாதாமாதம் பயந்து, கடைசியில் பர்மனென்ட் ஆனவர். அந்தப் பயம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. நல்ல செய்தி வந்தால்கூட, யாராவது பெரியவர் வந்து ‘ஆமாம், நல்ல செய்திதான்’ என்று சொன்னால்தான் நம்புவார். மனைவி அகிலா வீட்டிலேயே தையல் போடுகிறவர். ஒரே மகள் இசைப்பிரியா, அந்த வருடம் பிளஸ் டூ.

அந்தப் பெண்ணுக்குக் கல்லில் ஆசை. நகைக் கடைக் கல் இல்லை, தரையில் கிடக்கிற கல். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் ராட்சத இயந்திரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது இவள் வெட்டிய மண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மேலே செம்மண், அதற்குக் கீழே மணற்பாறை, வெள்ளைக் களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு. ஏன் இந்த வரிசை? யார் அடுக்கியது? அன்றிலிருந்து அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம், “இன்னிக்கு வெட்டுன எடத்துல என்னா கலரு மண்ணுப்பா?” என்று கேட்பாள். சாமிக்கண்ணுவும் சோற்றுப் பையில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு வருவார். மரத்தின் வரி அப்படியே தெரிகிற ஒரு கரித்துண்டு, விரலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வெள்ளைக் கட்டி, இப்படி. அவள் படிக்கும் அலமாரியில் புத்தகத்தைவிடக் கல் அதிகம். நிலவியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அகிலா சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அறிவுச்செல்வன் வாசலில் நின்றார். எப்படித் தெரியும்? தெரியும். ஊர் நாய்களுக்கு எந்த வீட்டில் கறி என்று எப்படித் தெரிகிறது?

சாமிக்கண்ணு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “வாங்க சார். பொண்ணு என்னமோ மண்ணு, பாறன்னு சொல்லிக்கினு கெடக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

“ஜியாலஜியா?” அறிவுச்செல்வன் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். “சாமிக்கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்கு ஸ்கோப் இல்லை.”

நிலத்தைத் தோண்டி அதிலிருந்து வெளிச்சம் எடுக்கிற ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த நிலத்தால் மூன்று வேளையும் சாப்பிட்ட ஒரு மனிதர் சொன்ன வார்த்தை இது.

“மைன்ஸ்லயே ஜியாலஜிஸ்டுங்க இருக்காங்களே அங்கிள்?” என்றாள் இசைப்பிரியா.

“இருக்காங்கம்மா. அவங்க ரிட்டயர் ஆனாத்தானே உனக்கு? அவங்க ரிட்டயர் ஆகுறப்ப கரியே இருக்காது.”

“கரி இல்லன்னாலும் தண்ணி இருக்கும்ல அங்கிள்? நெலத்துக்கு அடியில தண்ணி எங்க இருக்குன்னு பாக்கறதும் இந்தப் படிப்புதான்.”

“தண்ணிதான் கேன்ல வருதேம்மா.”

இதற்குமேல் யார்தான் பேசமுடியும்?

அறிவுச்செல்வன் நாற்காலியைச் சாமிக்கண்ணு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது பிள்ளைக்கு முதுகைக் காட்டுவது இந்த இனத்தின் பிறவிக் குணம். “இப்ப எல்லாமே ஏ.ஐ.தான். கம்ப்யூட்டர்ல ஏ.ஐ. போட்ட கோர்ஸா பாத்து எஞ்சினியரிங் சேத்து விட்டுடுங்க.”

“ஏ.ஐ.ன்னா என்னாங்க சார்?”

“அதுவா? மனுஷன் செய்யிற வேலையெல்லாம் அதுவே செஞ்சிடும்.”

சாமிக்கண்ணு, அகிலா கொண்டுவந்த காபியை வாங்கி அவரிடம் நீட்டினார். “அப்ப நம்ம புள்ளைக்கு என்னா சார் வேல மிச்சம் இருக்கும்?”

“அதுக்குத்தான் இப்பவே உள்ள போயிடணும்ங்கிறேன்” என்றார் அறிவுச்செல்வன். காபியைக் குடித்தார். சர்க்கரை கம்மி என்றார். போகும்போது, “என் பையன் ஃபாரின்ல இருக்கான், உங்களுக்குத் தெரியும்ல? எல்லாம் கைடன்ஸ்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாசலில் இன்னொரு பிள்ளை பாஸாகியிருந்தது.

விஷயம் அத்தோடு முடிந்தது. சாமிக்கண்ணு மகளைக் கூப்பிட்டு, “சார் சொல்லிட்டாரும்மா. அவரு நாலும் தெரிஞ்சவரு. எஞ்சினியரிங்கே போட்டுடலாம்” என்றார். திட்டவில்லை, அதட்டவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார். அதுதான் கஷ்டம். அதட்டுகிற அப்பாவிடம் சண்டை போடலாம், பயப்படுகிற அப்பாவிடம் என்ன போடுவது? “சரிப்பா” என்றாள் இசைப்பிரியா. அன்று சாயங்காலம் அலமாரியில் இருந்த கல்லையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதன்பிறகு அப்பாவிடம் மண்ணின் நிறத்தைக் கேட்கவில்லை. மகள் அழுதிருந்தால் அகிலா சமாதானம் சொல்லியிருப்பார். அவள் அழவில்லை, சொன்ன வேலையெல்லாம் செய்தாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் அகிலா பயந்தார்.

அறிவுச்செல்வனின் மனைவி சந்திரகலா அகிலாவிடம்தான் ரவிக்கை தைப்பார். தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போன அகிலா, போட்டுப் பார்த்து ஊசி குத்திச் சரிசெய்கிற சாக்கில் பேச்சைத் தொடங்கினார்.

“அக்கா, உங்க பையன் சிலம்பரசன், சாரு சொன்ன படிப்புதான படிச்சாரு?”

சந்திரகலா கண்ணாடியில் பார்த்தபடியே சிரித்தார். “ஊசி குத்திடப் போறே, சிரிப்புக் காட்டாத. இவரு படிக்கச் சொன்னது சிவில். ஒரு வருஷம் படிச்சான். அப்புறம் ஹாஸ்டல்லேருந்து ஓடிப்போயி கேட்டரிங்ல சேந்துட்டான். அப்பனும் மகனும் ரொம்ப நாள் பேச்சு வார்த்தையே இல்லை. இப்ப கத்தார்ல ஒரு பெரிய ஓட்டல்ல சமைக்கிறான். சந்தோஷமா இருக்கான்.”

“சாரு, பையன் ஃபாரின்ல இருக்காருன்னு மட்டுந்தானக்கா சொல்லுவாரு?”

“ஃபாரின்லதான இருக்கான்? அங்க என்ன கிண்டுறான்னு யாரு கேட்டா? லீவுல வந்தப்ப அவனே ஒரு சாம்பார் வெச்சான். இவரு திரும்பத் திரும்ப ஊத்திச் சாப்பிட்டுட்டு, கையக் கழுவிக்கிட்டே சொல்றாரு, ‘அப்பவே சிவில் முடிச்சிருந்தா இந்நேரம் எங்கயோ இருந்திருப்பான்’னு.”

அகிலா வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்தார். “அப்ப நான் என்னக்கா செய்யட்டும்?”

“என்னைக் கேக்காத அகிலா. கேட்டா நானும் ஏதாவது சொல்லிவெப்பேன். இந்த வீட்டுக் காத்து அப்படி. போயி உன் பொண்ணைக் கேளு.”

அகிலா போய்க் கேட்டார். மகளை எதிரில் உட்காரவைத்து, நேராகவே. அப்போதுதான் தெரிந்தது: இசைப்பிரியா பள்ளி ஆசிரியையின் உதவியோடு, ரிசல்ட் வந்த சூட்டிலேயே அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருந்தாள். சேலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து சேர்க்கைக்கு வரச்சொல்லிச் செல்போனில் தகவலும் வந்துவிட்டது. மறுநாள் காலை அங்கே இருக்க வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

“ஏன்டி சொல்லல?”

“அப்பா பாவம்மா.”

அகிலா எழுந்தார். பீரோவிலிருந்து மகளின் சான்றிதழ்களை எடுத்துப் பைக்குள் வைத்தார். கணவரிடம் சேலத்தில் சித்தி வீட்டு விசேஷம் என்றார். அப்படி ஒரு சித்தி சேலத்தில் இல்லை என்று சாமிக்கண்ணுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு விடிகாலை ஷிப்ட். யோசிக்க நேரமில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவும் மகளும் வெளிச்சம் வருவதற்குள் டவுன்ஷிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தால், டீக்கடையில் யார்? நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு கையில் கிளாஸோடு நம் அறிவுச்செல்வன்.

“எங்கம்மா இந்நேரத்துல?”

“சேலத்துக்குங்க சார். ஒரு விசேஷம்.” அகிலா பையைப் புடவை மறைவுக்குத் தள்ளினார்.

“சேலத்துக்கா? இங்க நிக்கக் கூடாதும்மா. விருத்தாசலம் பஸ் கூட்டமா வரும். நீங்க என்ன பண்றீங்க, வடலூர் போயிடுங்க. அங்கேருந்து ஏறுனாத்தான் சீட்டு கெடைக்கும்.”

வடலூர் எதிர்த்திசை. சேலம் போக வேண்டியவர்களை முதலில் கொஞ்ச தூரம் பின்னால் அனுப்பினால்தான் இவருக்கு ஆலோசனை சொன்ன நிறைவு. நல்லவேளையாக அதற்குள் விருத்தாசலம் பேருந்து வந்துவிட்டது. அகிலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உட்கார இடமில்லைதான். பேருந்து கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கூடவே ஓடிவந்தது. “பாத்தீங்களா? நின்னுக்கிட்டுத்தான் போகணும்! நான் அப்பவே சொன்னேன்!”

நின்றுகொண்டே போனார்கள். விருத்தாசலத்தில் வண்டி மாறிய பிறகு உட்கார இடம் கிடைத்தது. இசைப்பிரியா அப்போது கேட்டாள், “அம்மா, அங்கிள் சொன்னது நெசமா இருந்துட்டா? படிச்சி முடிச்சி வேல கெடைக்கலன்னா?”

பீரோவைத் திறந்ததிலிருந்து அதுவரை அகிலாவுக்கு இருந்த தைரியம் எல்லாம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. அதைப் பின்னால் என் மனைவியிடம் அவரே சொன்னார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முந்திரித் தோப்பெல்லாம் முடிந்து, கரும்பு வயலும் முடிந்து, வெறும் கரம்பாக வந்தது.

“தெரியலடி” என்றார் கடைசியில். “வேல கெடைக்கும்னு சொல்ல நான் யாரு? கெடைக்கலன்னா வூட்டுக்கு வந்து அழு, நானும் கூட ஒக்காந்து அழறேன். அது என்னால முடியும். ஆனா நாளைக்கு நீ வந்து, ‘நான் கேட்டத ஏம்மா படிக்க வெக்கல’ன்னு கேட்டியானா, அதுக்கு என்கிட்ட பதில் கெடையாது.”

இசைப்பிரியா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சேலம் வரும்வரை நிமிரவில்லை. தூங்கினாளா அழுதாளா என்று அகிலாவுக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் நனைந்திருந்தது.

கல்லூரியில் இவள் பெயரைக் கூப்பிட்டபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை, “கெமிஸ்ட்ரியில இன்னும் இடம் இருக்கும்மா, உன் மார்க்குக்குக் கிடைக்கும்” என்றார், உபகாரமாக.

“வேணாம் மேடம். ஜியாலஜிதான்.”

“முதல் சாய்ஸே அதுதானா?” பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “எந்த ஊரு?”

“நெய்வேலி மேடம்.”

“ஓ” என்றார் அவர். இடம் கிடைத்துவிட்டது. வெளியே வந்து, இருவரும் ஆளுக்கொரு பன்னும் டீயும் சாப்பிட்டார்கள். அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது, வீட்டில் ஒரு சாமிக்கண்ணு இருக்கிறார்.

சாமிக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: “சாரு என்னா சொல்லுவாரு?”

“சாருக்கா பொண்ணு பொறந்திச்சி?” என்றார் அகிலா.

அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அகிலா பேசி நாங்கள் கேட்டதில்லை. எதிர்வீட்டில் இருந்த நானும் என் மனைவியும் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தோம். எங்கள் குவார்ட்டர்ஸில் இதுவும் ஒரு மரியாதை. சாமிக்கண்ணு சாப்பிடாமல் படுத்தார், சாப்பிடாமல் வேலைக்குப் போனார். பொய் சொல்லி ஏமாற்றியதற்குக் கோபம், தனக்கு விஷயம் தெரியவில்லையே என்று வெட்கம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பழைய பயம். சில நாட்கள் அந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் பேசியது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், சோற்றுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்து மகள் முன்னால் வைத்தார். முகத்தைப் பார்க்காமல், “இது என்னா கல்லு?” என்றார்.

இசைப்பிரியா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. “அப்பா, இது காங்கிரீட்டுப்பா.”

வீடே சிரித்தது. சாமிக்கண்ணுவும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு கேட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பை மறுபடி அலமாரிக்கு ஏறியது.

ஆனால் அறிவுச்செல்வன் என்ற ஒரு மலை இன்னும் பாக்கி இருந்ததே? சாமிக்கண்ணு நாலு நாள் அவர் கண்ணில் படாமல் வேறு தெரு வழியாக வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் ரேஷன் கடை வாசலில் மாட்டிக்கொண்டார். நானும் பின்னால் வரிசையில் நின்றேன். சாமிக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு, “சார், கோச்சிக்காதீங்க… பொண்ணு அந்த மண்ணு படிப்புலயே சேந்திடிச்சிங்க” என்றார்.

அறிவுச்செல்வன் முகத்தில் ஒரு கணம் எதுவும் இல்லை. லாரி மேட்டில் கியர் மாறும்போது ஒரு விநாடி எந்தச் சத்தமும் வராது பாருங்கள், அப்படி. பிறகு வண்டி கிளம்பியது.

“நான் என்ன சொன்னேன் சாமிக்கண்ணு? ஸ்கோப் இல்லைன்னா சொன்னேன்? இப்போதைக்கு இல்லைன்னேன். இவ முடிச்சிட்டு வர்றப்ப பாருங்க, தண்ணிக்கு எவ்வளவு அடிதடி இருக்கும்! நெலத்தடி நீரு, லித்தியம், அரிய கனிமம்… எல்லாம் ஜியாலஜிதான். நான் யோசிச்சுத்தான் சொன்னேன்.” அவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு சாமிக்கண்ணுவின் முதுகில் தட்டினார். “நல்ல முடிவு. அந்தப் பொண்ணு நான் சொன்னதைக் கப்புனு பிடிச்சிக்கிச்சு.”

சாமிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் துவரம் பருப்பைப் பார்த்தேன்.

இதற்குப் பிறகாவது அடங்குவார் என்று எதிர்பார்த்தீர்களா? அந்த ஜூலையில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் நின்று, புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பிடித்து, “ஜியாலஜி எடுத்துடு. எங்க பிளாக்குல ஒரு பொண்ணுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். பட்டாணிக் கடைக்குப் பக்கத்தில் பக்கத்துத் தெரு வீரம்மாளும் அவர் மகள் தமிழ்நிலாவும் அகப்பட்டார்கள். தமிழ்நிலா பத்தாவது படிக்கும்போதிருந்தே நர்ஸாகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

“நர்சிங்கா? நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. ஜியாலஜி எடு.”

தமிழ்நிலா பட்டாணியை மென்றுகொண்டே, “அங்கிள், உங்களுக்கு பி.பி. எவ்வளவு இருக்கு?” என்றாள்.

“கொஞ்சம் அதிகம்தான். ஏம்மா?”

“அதை யாரு பாக்குறது? கல்லா?”

வீரம்மாள் மகளின் தலையில் செல்லமாகக் குட்டி, “பெரியவங்க கிட்ட அப்பிடியா பேசறது?” என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார். நாலடி போனதும் தாயும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அறிவுச்செல்வன் அதையும் கவனிக்கவில்லை. அதற்குள் வேறொரு பிள்ளையின் தோளில் கை போட்டிருந்தார்.

இசைப்பிரியா இப்போது இரண்டாம் வருடம். வெயிலில் மலை மலையாக ஏறி இறங்கிக் கறுத்துப்போயிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முழங்கையில் சிராய்ப்பு, பையில் ஒரு சுத்தியல், பேச்சில் பாதி எங்களுக்குப் புரியாது. ஒரு தாளில் அரியர் வைத்து, எழுதி, தேறினாள். வேலை கிடைக்குமா? தெரியாது. அவளுக்கும் தெரியாது, அகிலாவுக்கும் தெரியாது. சாமிக்கண்ணு நடுநடுவே பயப்படத்தான் செய்கிறார். ஆனால் இப்போது பயந்தால் மகளுக்கே போன் போட்டுப் பேசிவிடுகிறார்.

நிற்க. இவ்வளவு தூரம் படித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கட்டுமா? நடுவில் எங்கோ ஓரிடத்தில், ‘நல்ல மார்க் வாங்கிய பெண், பேசாமல் அக்ரியில் சேர்ந்திருக்கலாம்’ என்று உங்களுக்குத் தோன்றியதா? ‘சேலம் எதற்கு, சென்னையில் சேர்ந்திருந்தால் நல்ல எக்ஸ்போஷர் கிடைத்திருக்குமே’ என்று? ‘போகட்டும், இந்தப் பட்டத்தை முடித்ததும் உடனே குரூப் தேர்வுக்குத் தயாராகச் சொல்ல வேண்டும்’ என்று? அக்கறையில்தான் தோன்றியிருக்கும், எனக்குத் தெரியும். எல்லோருக்கும் அக்கறையில்தான் தோன்றுகிறது. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அந்தத் துறையில் பெரிய இடத்தில் இருப்பதாகவும், ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றும், அந்தப் பெண்ணின் போன் நம்பர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் இப்போது உங்கள் நாக்கு அரிக்கிறதல்லவா?

நம்பர் என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன்.